சுறாவின் வயிற்றில் எங்கள் கடை எண்

என் கடையின் செல்போன் எண் ஒரு சுறாமீனின் வயிற்றுக்குள் இருந்தது. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள், கதை விடுகிறான் என்கிறார்கள். கேட்ட அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெராக்ஸ் மிஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன் கண்ணாடியில் அன்றைக்கு விழுந்த விரிசல் இன்னும் இருக்கிறது.

பொங்கல் முடிந்த வாரம். காலை பத்து மணி இருக்கும். திருத்தணியில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பள்ளிக்கூடத்து அடையாள அட்டை, இதுதான் பிழைப்பு. சாதிச் சான்றிதழுக்கு நகல் எடுக்க நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வாட்ஸப்பில் ஓர் அழைப்பு வந்தது. நம் நாட்டு எண் இல்லை. எவனோ ஏமாற்றுக்காரன் என்று இரண்டு முறை துண்டித்தேன். மூன்றாவது முறையும் அடித்தது.

"யாருய்யா அது, வேலை நேரத்துல?" என்று கத்தினேன்.

ஒரு பெண்ணின் குரல். தமிழ்தான், ஆனால் எங்கள் தமிழ் இல்லை.

"ஐயா, கோவிக்காதேங்கோ. நான் இலங்கையில இருந்து கதைக்கிறன். உங்கட பிள்ளை ஆரும் துலைஞ்சு போனவையோ?"

"எம் பசங்க ரெண்டும் நல்லாதான் கீறாங்க. நீ யாரும்மா?"

"அப்ப இந்த நம்பர் ஆரின்ர? மஞ்சள் நிறத்தில ஒரு கைப்பட்டி. 'நான் வழி தவறிவிட்டேன், இந்த எண்ணுக்கு அழைக்கவும்' எண்டு எழுதிக் கிடக்கு. பக்கத்தில வேல் ஒண்டு. கீழ நானூற்றிப் பன்னிரண்டு எண்டு இலக்கம்."

அது என் பட்டைதான். போன ஆடிக் கிருத்திகைக்கு நான் செய்து கொடுத்தது. "அட! அது எப்படிம்மா அங்க வந்துச்சு?" என்று கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர் மெதுவாகச் சொன்னார்.

"நாலு நாளைக்கு முந்தி எங்கட ஊர் ஆக்கள் பெரிய சுறா ஒண்டைக் கரைக்குக் கொண்டுவந்தவை. வயித்தை வெட்டேக்க உள்ளுக்குள்ள இந்தப் பட்டி கிடந்தது. அறுபடேல்லை ஐயா. பூட்டினபடியே கிடக்கு. சின்னப் பிள்ளையின்ர மணிக்கட்டு அளவு வட்டம். அந்தப் பிள்ளை உயிரோட இருக்குதோ?"

அப்போதுதான் நான் மிஷின் மேல் உட்கார்ந்தது.

பட்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆடிக் கிருத்திகை என்றால் எங்கள் மலையில் மண்ணைத் தூவினால் மண் கீழே விழாது. காவடி எடுத்து வருகிற கூட்டத்தில் குழந்தைகள் தொலையும். வருடம் தவறாமல் மைக்கில், "பச்சைச் சட்டை போட்ட குழந்தை இங்கே அழுதுகொண்டிருக்கிறது" என்று அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு சமூக சேவகன் முளைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கையில் மாட்டுவார்களே, அதுபோல பிளாஸ்டிக் பட்டை. ஒரு தடவை பூட்டினால் கத்தரிக்கோல் இல்லாமல் கழற்ற முடியாது. அப்பா அம்மா எண்ணைப் போட்டால் கூட்டத்தில் அவர்கள் போனும் தொலையும் என்று என் கடை எண்ணையே அச்சடித்தேன். ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் இலக்கம். என்னிடம் ஒரு நோட்டு. அதில் இலக்கத்துக்கு நேராகக் குழந்தையின் பெயர், ஊர், பெற்றவர்களின் போன் எண். எல்லாம் இலவசம்.

"எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்றாள் என் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

முதல் வருடம் வெள்ளைப் பட்டை செய்தேன். ஒருவரும் கையை நீட்டவில்லை. "ஆஸ்பத்திரிப் பட்டைய நல்ல நாள்ல கட்டுவாங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறு வருடம் மஞ்சள் நிறத்தில் செய்து, வேல் படம் போட்டு, பெட்டியோடு மலைக்கு எடுத்துப்போய் சாமி பாதத்தில் வைத்து, விபூதி தூவிக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான்! வரிசையில் நின்று வாங்கினார்கள். இரண்டாயிரம் பட்டையும் திருவிழா முடிவதற்குள் தீர்ந்துபோயிற்று. தொலைந்த குழந்தைகளில் பத்துப் பன்னிரண்டு என் கடை மூலமாகவே வீடு திரும்பின. நான் தரையில் நடக்கவில்லை.

இப்போது அந்த நோட்டைப் புரட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு. பெண் குழந்தை, நாலு வயது, ஆர்.கே.பேட்டை. நகல் எடுக்க நின்றவர் ஒருவரின் போனை வாங்கித் தகப்பன் எண்ணுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி அடித்தேன். சுவிட்ச் ஆஃப். முருகா, முருகா என்று வாய் தானாகச் சொல்லிற்று. கார்த்திகை மாதப் புயல் மழையில் ஆறெல்லாம் கரை புரண்டது நினைவுக்கு வந்தது. ஒரு குழந்தை ஆற்றில் விழுந்து, கடலுக்குப் போய், அதற்குப் பிறகு நடந்ததை என் மனசு படம் போட்டுக் காட்டிற்று. வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

இலங்கைப் பெண் இன்னும் இணைப்பிலேயே இருந்தார். "நாங்கள் முதல்ல எங்கட பிள்ளை எண்டுதான் நினைச்சம், ஐயா. தமிழில எழுதியிருந்தபடியா. நாலு நாளா ஒவ்வொரு ஊரா, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் விசாரிச்சம். நம்பரும் வேலை செய்யேல்லை. எங்கட நம்பர் சைபரில தொடங்கும், இது ஒன்பதில தொடங்குது எண்டு நேத்துத்தான் ஒராள் கண்டுபிடிச்சுச் சொன்னவர்."

என் பட்டைக்காக முகம் தெரியாத மனிதர்கள் நாலு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கடையை அப்படியே இழுத்து மூடினேன். விஷயத்தைக் கேட்டதும் மனைவி, "நீங்க வாய வெச்சா காரியம் கெட்டுடும், நானும் வரேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆர்.கே.பேட்டைக்குப் போனோம். நோட்டில் இருந்த பெயரைச் சொல்லி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு அம்மாள், "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தறி ஓட்டிகினு இருப்பாங்க, அந்த ஷெட்டுக்குப் போங்க" என்று கை காட்டினாள். குழந்தையைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விசைத்தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. தகப்பனை வெளியே கூப்பிட்டோம். முப்பது வயதுக்காரர். தலையெல்லாம் நூல் பஞ்சு. பின்னாலேயே அவர் மனைவியும் வந்தாள். ஒரு மனிதனைப் பார்த்து, உன் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? என் மனைவிதான் கேட்டாள்.

"பொண்ணு எங்க கீதுப்பா?"

"அங்கன்வாடில. ஏங்க?"

"இன்னைக்குப் பாத்தியா? உன் கண்ணால பாத்தியா?" என்று நான் பாய்ந்தேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் இது? காலைல நான்தான் வுட்டுட்டு வந்தேன். யாரு நீங்க?"

போன் என்ன ஆயிற்று என்றேன். தண்ணீரில் விழுந்து கெட்டுப்போய் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாராம். இந்தப் பாழாய்ப்போன போனுக்காக என் உயிரில் பாதி போயிருந்தது.

ஆனாலும் நான் அடங்கவில்லை. கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்று நாலு பேருமாக அங்கன்வாடிக்குப் போனோம். குழந்தை தட்டில் சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு கேரட்டை மட்டும் பொறுக்கித் தரையில் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கையும் இருந்தன. பைத்தியக்காரன்போல விரல்களை எண்ணினேன். பத்து. அங்கேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன். குழந்தை பயந்துபோய் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டது.

விஷயத்தைச் சொன்னபோது பெற்றவர்கள் இருவரும் வெலவெலத்துப் போனார்கள். தாய் குழந்தையின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். கொஞ்சம் நிதானம் வந்த பிறகு நான் கேட்டேன்.

"அந்தப் பட்டைய எப்படிக் கழட்டினீங்க? கழட்ட முடியாதே?"

"வெளக்கெண்ணெ தடவி உருவினேன், சார். லேசுல வர்ல. கொழந்த அழுதுச்சு."

"கத்திரிக்கோலால வெட்டுறதுதானே? நான் சொல்லித்தானே குடுத்தேன்?"

அவர் என்னை ஏதோ பாவம் செய்யச் சொன்னவனைப் போலப் பார்த்தார். "சாமி காப்பு சார் அது. வேல் கீது. கத்திரி வெக்கலாமா?"

"சரி, அப்புறம்?"

"அப்புறம் இன்னா, குப்பைலயா போடுவாங்க? காலுல படக்கூடாதுன்னு ஆத்துல வுட்டோம். ஊருக்குத் திரும்பும்போது நந்தி ஆத்துப் பாலத்துக்குக் கீழ, மாலை, காவடித் துணியெல்லாம் போட்டிருந்தாங்களே, அங்கதான். எல்லாரும் அங்கதான் வுட்டாங்க."

"ஆடி மாசத்துல ஆத்துல ஏதுய்யா தண்ணி?"

"தண்ணி இல்லன்னா இன்னா சார்? ஆறு ஆறுதானே? வரும்போது எடுத்துகினு போவும்."

எடுத்துக்கொண்டுதான் போயிற்று. நந்தி ஆறு கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. புயல் மழையில் பூண்டி ஏரி நிரம்பி மதகைத் திறந்தார்கள். தண்ணீர் எண்ணூர் வழியாகக் கடலுக்குப் போயிற்று. இதெல்லாம் செய்தியில் பார்த்தபோது, நல்ல மழை, நிலத்தடி நீர் ஏறும் என்று டீக்கடையில் பேசிவிட்டு வந்தவன் நான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்கு அல்ல, அதைவிட மோசம். வெள்ளைப் பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டிருப்பார்கள். நான் வேல் படம் போட்டு, சாமி பாதத்தில் வைத்து, பிளாஸ்டிக்கைக் காப்பாக்கிவிட்டேன். பக்தியோடு ஒருவர் விடாமல் ஆற்றில் விட்டிருக்கிறார்கள். யாரைச் சொல்லி நோக?

அங்கன்வாடி வாசலிலேயே இலங்கைக்கு வீடியோவில் அழைத்தேன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பின்னால் தென்னை மரமும் வலைக் குவியலும் தெரிந்தன. குழந்தையைக் காட்டினேன்.

"கையைக் காட்டுங்கோ அம்மா, கையை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். குழந்தை சாம்பார் ஒட்டிய கையை அப்படியே விரித்துக் காட்டிற்று. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கிற்று.

"ஏன் அழுவுற?" என்று குழந்தை கேட்டது.

தகப்பனுக்கு அதற்குள் பயம் தெளிந்து வேறொன்று பிடித்துக்கொண்டது. கண்கள் பளபளத்தன. "சார், நம்ம தணிகாசலம் சாமி காப்பு கடல் தாண்டி இலங்கைக்குப் போயிருக்குது பாருங்க! கதிர்காமத்துக்கே போயிருக்குது!" என்று போனைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் எந்த வாயால் திட்டுவது?

அந்த அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். "கதிர்காமத்துக்குப் போகேல்லை, தம்பி. சுறாவின்ர குடலுக்க போனது. அதின்ர வயித்தில இது மட்டுமோ கிடந்தது? பால் பைக்கட், ஷாம்பு பைக்கட், காவடித் துணி. இரையே இல்லை." தகப்பன் கும்பிட்ட கையை இறக்கிவிட்டார்.

பிறகுதான் அவர் தன் வேலையைச் சொன்னார். வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளில் கரையோரத்து மனிதர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். கரை ஒதுங்குகிற குப்பையில் எழுத்து ஏதாவது இருந்தால் படமெடுத்து, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அனுப்புவது. வங்காள எழுத்தென்றால் வங்கதேசத்தில் ஒருவர் படிப்பார், பர்மிய எழுத்துக்கு ஒருவர், தாய் எழுத்துக்கு ஒருவர். தமிழ் எழுத்து இந்த அம்மாவுக்கு. எந்த ஊர்ப் பொருள் என்று தெரிந்தால் அந்த ஊரில் யாரையாவது பிடித்துச் சொல்வது. கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கத்து நீரோட்டம் தெற்கே அவர்கள் கரைக்குப் போகுமாம். எங்கள் ஊரில் கடலே இல்லை. கடற்காற்றுகூட எட்டாத மலை ஊர். எங்களுக்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாராவது சொன்னால் நேற்றுவரை நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

"சண்டை பிடிக்கிறதுக்காக உங்களைக் கூப்பிடேல்லை, ஐயா. எங்கட பக்கம் பொறுக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். உங்கட பக்கம் ஆத்தில போடாமப் பாக்கிறதுக்கு ஒராள் வேணும். நீங்கள் வருவியளோ?"

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"எத்தினை பட்டி செய்தனீங்கள்?"

"ரெண்டாயிரம்."

போனில் அவர் முகம் அசையவே இல்லை. இணைப்பு நின்றுபோயிற்றோ என்று நினைத்தேன்.

என்னை அந்த வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். நாலைந்து விதமான எழுத்துகளில் வணக்கம் வந்தது. அதற்கடுத்த வாரம் அந்த அம்மா ஒரு படம் அனுப்பினார். ஈரமணலில் ஐந்து மஞ்சள் பட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட அறுபடவில்லை. ஐந்தும் பூட்டியபடி, சின்னச் சின்ன வட்டங்களாக. கீழே, "இந்தப் பிள்ளையளையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தார்.

எண்ணெய் தடவி உருவியதுதான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் பூட்டிய பட்டையைப் பார்த்து இது ஆற்றில் விட்டது, இது ஆற்றோடு போன குழந்தையுடையது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். மணவூர்க் குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது. அரக்கோணத்துப் பையனுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. அவன் அம்மா, "காப்பா? ஆத்துல வுட்டோமே, தப்பா சார்?" என்றாள். நகரியில் ஒரு தகப்பன், "ஏட்லோ ஒதிலேசாமண்டி" என்று தெலுங்கில் அதையே சொன்னார். நாலாவது குழந்தை போனைப் பிடுங்கி என்னை யாரென்று அதட்டிற்று. நாலு பேரும் நலம் என்று உடனுக்குடன் குழுவில் போட்டேன். வங்கதேசத்துக்காரர் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் படம் அனுப்பினார்.

ஐந்தாவது பட்டை ஆயிரத்து எழுபது. நோட்டில் ஆண் குழந்தை, ஐந்து வயது, புத்தூர் என்று இருந்தது. போன் எண்ணில் ஒன்பது இலக்கங்கள்தான் இருந்தன. எழுதியது என் கை. திருவிழாக் கூட்டத்தில், அடுத்த குழந்தை அடுத்த குழந்தை என்று கத்திக்கொண்டே ஓர் இலக்கத்தை விழுங்கிவிட்டிருக்கிறேன். கடைசியில் சைபர் போட்டு அடித்தேன். ஒன்று போட்டு அடித்தேன். ஒன்பதுவரை போட்டேன். நெல்லூரில் ஒரு லாரி டிரைவர், சித்தூரில் ஒரு பாட்டி, மற்றதெல்லாம் உபயோகத்தில் இல்லை. விட்டுப்போன இலக்கம் நடுவில் எங்கேயோ இருந்தால் நான் என்ன செய்ய?

அந்த அம்மா ஒவ்வொரு நாள் காலையும் கேட்டார். "அஞ்சாவது பிள்ளை?" அவ்வளவுதான் எழுதுவார். பார்க்கிறேன் என்று இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நல்லாத்தான் இருக்கும், எங்கே போகப்போகிறது, ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக மனுஷனை இப்படியா வதைப்பது? "அந்தக் குழந்தையும் நலம்" என்று எழுதினேன். அனுப்புவதற்குள், எட்டிப் பார்த்த என் மனைவி, "பாத்தீங்களா நீங்க?" என்று கேட்டாள். அழித்துவிட்டேன். "போன் எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன், அம்மா. அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. என் தப்பு" என்று உண்மையை அனுப்பினேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குழுவில் பதில் வரவில்லை. எனக்குத் தனியாக வந்தது.

"தேடுங்கோ ஐயா. சுனாமியில போன என்ர மகனுக்கும் அஞ்சு வயசு. அவன்ர கையில ஒண்டும் கட்டியிருக்கேல்லை."

மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு புத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.